காய்ந்த லைவ் ராக்கைப் பழக்க, கழிவு உப்புநீரே போதும்

கடல்நீர் டேங்கில் தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய நீரைக் கொட்டாதீர்கள். காய்ந்துபோன லைவ் ராக்கை (நல்ல பாக்டீரியா குடியிருப்பதற்காக டேங்கில் வைக்கும் பொந்துள்ள கல்லை) பழக்க, அதாவது அழுகல் தீர்த்து டேங்குக்குத் தயாராக்க, அதுவே போதும். புது உப்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

பொந்துகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாசி, பஞ்சுயிரி எல்லாம் நனைந்ததும் அழுகி அம்மோனியாவை விடும். அதைத் தின்னும் பாக்டீரியாவுக்கு உப்பும் வெப்பமும் ஆக்ஸிஜனும் இருந்தால் சரி, பளிங்குத் தண்ணீர் தேவையில்லை. கல்லைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பில் போட்டு, ஹீட்டரை 26 டிகிரியில் வையுங்கள், தண்ணீரைச் சுழலவைக்கும் பவர்ஹெட் பம்பையும் ஓடவிடுங்கள். இருட்டாக இருந்தால் பாசி பிடிக்காது. வாரம் ஒருமுறை டேங்கிலிருந்து எடுக்கும் நீரால் டப் நீரை மாற்றுங்கள். முதலில் அழுகிய நாற்றம் குடலைப் புரட்டும், கல்மேல் வெள்ளையாக வழவழப்பு படியும்; பயப்படாதீர்கள். நாற்றம் போய்க் கடல் வாசம் வந்து, நீரைச் சோதிக்கும்போது அம்மோனியாவும், அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் கல் தயார். பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் ஆகும்.

டேங்கில் செம்பு மருந்து போட்டிருந்தாலோ, மீன்களுக்கு நோய் இருந்தாலோ அந்த நீர் வேண்டவே வேண்டாம். கல் செம்பை உறிஞ்சிவைத்துக்கொண்டு, அப்புறம் இறால், நத்தைகளைக் கொன்றுவிடும். பாஸ்பேட் ஏறிய நீரும் ஆகாது.