கையடக்கக் கருவியில் கணினி விளையாட்டு: வாங்கும் முன் கணிப்பதும் வாங்கிய பின் சரிசெய்வதும்

கணினிக்கென உருவாக்கப்படும் விளையாட்டுகளை, ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகளுக்கு ஏற்றபடி நிறுவனங்கள் செம்மைப்படுத்தித் தருமா என்று பலரும் கேட்கிறார்கள். சில நிறுவனங்கள் தருகின்றன, பல தருவதில்லை. எது தரும், எது தராது என்பதை விளையாட்டு வெளிவரும் முன்பே பெருமளவுக்குக் கணித்துவிடலாம் என்பது என் அனுபவம். அந்தக் கணிப்பை எப்படிச் செய்வது, வாங்கிய பின் முதல் 2 மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, நிறுவனம் செய்யாமல் விட்டதில் எவ்வளவை நாமே ஈடுகட்டலாம் என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில், கையில் இருக்கும் கருவியின் வலிமை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக்கின் சிப், செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்தே அதிகபட்சம் 15 வாட் மின்சாரத்தில் இயங்குகிறது. மேசைக் கணினியிலோ கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 200 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வது சாதாரணம். டெக்கின் 16 ஜிபி நினைவகத்தையும் செயலியும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இந்தக் குறையை ஈடுசெய்வது அதன் சிறிய திரை: 1280×800 என்பதால் ஒரு பிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) வரைய வேண்டிய பிக்சல்கள் சுமார் 10 லட்சம் மட்டுமே; 4கே திரைக்கு அது ஏறத்தாழ 83 லட்சம். எனவே திரையின் ரெசல்யூஷன் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். லெனோவோவின் முதல் லீஜன் கோ கருவிக்கு 2560×1600 திரை. அதை முழுமையாக நிரப்ப டெக்கைப்போல 4 மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும். அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் பெரிய விளையாட்டுகளுக்கு ரெசல்யூஷனை 1280×800 ஆகக் குறைத்துவிடுவது நல்லது. நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி என்பதால் ஒரு பிக்சல் நான்காகப் பொருந்தி உட்கார்ந்துவிடும்.

இனி கணிப்பு. ஒரு நிறுவனம் கையடக்கக் கருவிக்காக மட்டும் தனியாகப் பணம் செலவழிக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. வேறொரு கருவிக்காக ஏற்கெனவே செய்தாக வேண்டிய வேலையின் பலன் நமக்கும் வந்து சேர்கிறது என்பதே பெரும்பாலான சமயங்களில் நடப்பது. ஆகவே ஒரு விளையாட்டின் அறிவிப்பைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, அது வேறு எந்தக் கருவிகளுக்கு வருகிறது என்ற வரியைத்தான். 2025 ஜூன் 5 அன்று விற்பனைக்கு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 அந்தப் பட்டியலில் இருந்தால், குறைந்த மின்சாரத்திலும் சிறிய திரையிலும் தங்கள் விளையாட்டு எப்படி ஓடும் என்று உருவாக்குநர்கள் நிச்சயம் யோசித்திருப்பார்கள். எழுத்தின் அளவு முதல் கூட்டத்தில் நடமாடும் மனிதர்களின் எண்ணிக்கை வரை அவர்கள் குறைக்கப் பழகியிருப்பார்கள். சைபர்பங்க் 2077 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கணினிப் பதிப்பின் கிராபிக்ஸ் அமைப்புகளில் ஸ்டீம் டெக் என்ற பெயரிலேயே ஒரு தெரிவு உண்டு. ஸ்விட்ச் 2 வெளியான நாளிலேயே அதற்கும் அந்த விளையாட்டு வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் வீட்டு விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பட்டியலில் இருப்பதும் ஓரளவு நல்ல அறிகுறிதான். ஆனால் கிராபிக்ஸ் கணக்கில் சீரிஸ் எஸ் சுமார் 4 டெராஃபிளாப் (ஒரு டெராஃபிளாப் என்பது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்) வலிமை கொண்டது, டெக் அதிகபட்சம் 1.6 மட்டுமே. அதனால் சீரிஸ் எஸ்ஸில் ஓடுகிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, டெக்கைத் தயாரித்து, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையையும் நடத்தும் வால்வ் நிறுவனம் தரும் முத்திரை. ஸ்டீம் கடையில் ஒவ்வொரு விளையாட்டும் டெக்குக்குச் சரிபார்க்கப்பட்டது, விளையாடலாம், ஆதரவு இல்லை, இன்னும் சோதிக்கப்படவில்லை என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். சரிபார்க்கப்பட்டது என்ற பச்சை நிற முத்திரைக்கான விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்து பற்றியது: 1280×800 திரையில் மிகச் சிறிய எழுத்தும் 9 பிக்சலுக்குக் குறையாத உயரம் கொண்டிருக்க வேண்டும். 7 அங்குலத் திரையில் 9 பிக்சல் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அளவுகோலை எடுத்து ஒரு மில்லிமீட்டரைப் பார்த்தால், இந்த விதி எவ்வளவு குறைந்தபட்சமான ஒன்று என்பது புரியும். அதையும் நிறைவேற்றாத விளையாட்டுகள் ஏராளம். கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் தாமாகவே பொருந்துகின்றனவா, திரையில் சரியான பொத்தான் படங்கள் தெரிகின்றனவா, இடையில் வேறு மென்பொருள் குறுக்கிட்டுத் தொல்லை தருகிறதா என்பவையும் இந்தச் சோதனையில் அடங்கும். மைக்ரோசாஃப்டும், ஆசஸுடன் சேர்ந்து 2025 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் பெயரில் கையடக்கக் கருவிகளை வெளியிட்டபோது, இதுபோன்ற ஒரு தர முத்திரையைக் கொண்டுவந்தது. கடைப் பக்கத்திலேயே முத்திரை தெரியும் என்றால், அதைப் பெறுவதில் விற்பனையாளருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. என் பார்வையில், நிறுவனங்களைச் செம்மைப்படுத்தத் தூண்டும் விசைகளில் இதுவே வலுவானது.

ஆனால் விளையாட்டின் கடைசிப் பகுதி வரை வேகம் குறையாது என்ற உறுதியை முத்திரை தருவதில்லை. 2023 ஆகஸ்டில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3, பச்சை முத்திரை பெற்றது. முதல் இரண்டு அத்தியாயங்களில் டெக்கில் சமாளித்துவிடலாம். மூன்றாம் அத்தியாயத்தில் நகரத்துக்குள் நுழைந்து, தெருவெங்கும் ஆட்கள் நடமாடத் தொடங்கியதும் செயலி திணறிவிடும். அதை உருவாக்கிய லாரியன் நிறுவனம் 2025 செப்டம்பரில், விண்டோஸ் விளையாட்டுகளை டெக்கின் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற இடைப்பட்ட அடுக்கு இல்லாமலே டெக்கில் நேரடியாக ஓடும் பதிப்பை வெளியிட்டது. அந்த அடுக்கு இல்லாததால் செயலிக்கும் நினைவகத்துக்கும் சுமை குறைந்தது. வெளியாகி 2 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நிறுவனம் இவ்வளவு அக்கறை காட்டியது மனதார மகிழ வேண்டிய விஷயம். அதே சமயம், எல்லா நிறுவனங்களும் இப்படித் திரும்பி வந்து சரிசெய்யும் என்று நம்பி முன்கூட்டியே வாங்கிவைப்பது சரியல்ல.

இரண்டு அறிகுறிகளில் எது தென்பட்டாலும் நான் வாங்குவதையே தவிர்த்துவிடுவேன். ஒன்று, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் உள்ள ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதலே புரோட்டான் வழியாக இயங்க வழிசெய்திருக்கின்றன. ஆனால் அதை அனுமதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த விளையாட்டு நிறுவனத்தின் முடிவு. அனுமதித்த பிறகு திரும்பப் பெறவும் முடியும்: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆதரவை நிறுத்தியபோது, அதுவரை டெக்கில் ஆடியவர்கள் ஒரே நாளில் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. விண்டோஸ் இயங்கும் கையடக்கக் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, ஒளிக்கதிர்கள் பாயும் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம் காட்டும் ரே டிரேசிங்கைக் கட்டாயமாக்கும் விளையாட்டுகள். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் போன்றவற்றில் ஒளிக்கணக்கு முழுவதும் அதை நம்பியே கட்டப்பட்டிருக்கிறது. அதை அணைக்க ஒரு பொத்தான் அமைப்புகளில் இருக்காது. 15 வாட் சிப்பில் நம்மால் இறக்கிவைக்க முடியாத சுமை அது.

கணிப்பு சாதகமாக இருந்து வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தைக் கதையில் செலவழிக்காமல் சோதனைக்கே ஒதுக்குங்கள். நான் ஒருமுறை வாங்கிய விளையாட்டு ஒன்று, குகைக்குள் நடக்கும் முதல் இரண்டு மணி நேரமும் வழவழவென்று ஓடியது. அடுத்த சந்தைக் காட்சியில் வினாடிக்கு 20 பிரேமுக்கு விழுந்தபோது பணம் திரும்பப் பெறும் நேரம் கடந்துவிட்டிருந்தது. குறுகிய அறைகளிலும் குகைகளிலும் ஓடும் வேகத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். திறந்த வெளி, மழை, கூட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேடிப் போய் அங்கே நின்று அளந்து பாருங்கள். தொடங்குவதற்கு முன், ஷேடர்களை (வண்ணத்தையும் வெளிச்சத்தையும் வரையச் சொல்லும் சிறு நிரல்களை) தயாரிக்கும் வேலை ஓடினால் அது முழுமையாக முடியும்வரை காத்திருக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் முதல் சில மணி நேரம் காட்சி தடுக்கித் தடுக்கி நகரும், அதை வேகக் குறைவு என்று தவறாக எண்ணிக்கொள்வோம். டெக் அனைத்தும் ஒரே வகைச் சிப் என்பதால், பல விளையாட்டுகளுக்கு இந்த ஷேடர்களைத் தயார் நிலையிலேயே ஸ்டீம் அனுப்பிவிடுகிறது.

அளப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். டெக்கின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அளவீட்டுப் பட்டையை உயர்ந்த நிலைக்கு நகர்த்தினால், திரையின் ஓரத்தில் எண்கள் தோன்றும். அவற்றில் கிராபிக்ஸ் பகுதியின் பளுவைக் காட்டும் ஜிபியு என்ற வரியை மட்டும் முதலில் பாருங்கள். அது 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றுகொண்டு பிரேம் எண்ணிக்கை குறைவாக இருந்தால், தட்டுப்பாடு கிராபிக்ஸில் இருக்கிறது. நிழல்கள், மூடுபனி, பிரதிபலிப்புகள் ஆகியவற்றை இந்த வரிசையில் குறைத்தால் உடனே பலன் தெரியும். மாறாக, ஜிபியு 60, 70 விழுக்காட்டில் சாவகாசமாக இருக்க, பிரேம்கள் மட்டும் 25-க்கு இறங்கினால், திணறுவது செயலி. அப்போது ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் படம் மங்குமே தவிர ஒரு பிரேம்கூட ஏறாது. மக்கள் கூட்டத்தின் அடர்த்தி, தொலைவில் தெரியும் பொருட்களின் விவரம் ஆகிய இரண்டையும் குறைப்பதுதான் அங்கே வழி. அந்த இரண்டு தெரிவுகளையுமே நிறுவனம் தரவில்லை என்றால், பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.

படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்களிலும் கவனம் தேவை. 4கே திரையில் பெர்ஃபார்மன்ஸ் என்ற தெரிவு, 1920×1080 படத்திலிருந்து தொடங்குகிறது. டெக்கில் அதே தெரிவு 640×400 படத்திலிருந்து தொடங்குகிறது. அவ்வளவு குறைந்த தகவலிலிருந்து முடி, புல், கம்பி வேலி போன்றவற்றை எந்த நுட்பத்தாலும் ஒழுங்காக மீட்க முடியாது. குவாலிட்டி என்ற தெரிவோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை நிழல்களிலிருந்து எடுங்கள். பிரேம்களுக்கு இடையே புதிய பிரேமை உண்டாக்கும் வசதி 30-ஐ 60 ஆகக் காட்டும். ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரை பதில் தருவதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறையாது, சற்றே கூடவும் செய்யும். சண்டைக் காட்சிகள் நிறைந்த விளையாட்டுகளில் அதை அணைத்துவைக்கலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தரும் ஒரே மாற்றம், திரையின் புதுப்பிப்பு வேகத்தை 40 ஹெர்ட்ஸாக்கி (வினாடிக்கு 40 முறை), விளையாட்டையும் 40 பிரேமுக்குக் கட்டிவைப்பது. 30 பிரேமில் ஒவ்வொரு படத்துக்கும் 33.3 மில்லிவினாடி ஆகிறது, 60-இல் 16.7. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பது 25 மில்லிவினாடி, அதாவது 40 பிரேம். 30-லிருந்து 10 பிரேம் மட்டுமே கூட்டி, 60-க்குப் போகும் பாதையில் பாதியைக் கடந்துவிடுகிறோம். 50-க்கும் 35-க்கும் இடையே அலைபாயும் விளையாட்டைவிட, அசையாமல் 40-இல் நிற்கும் விளையாட்டு கையில் பல மடங்கு இதமாக இருக்கும். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி டெக்கில் திரை 90 ஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால், 45 பிரேமுக்குக் கட்டினால் அதே இதம் கிடைக்கும்.

மின்கலக் கணக்கு எளிமையானது. முதல் டெக்கின் மின்கலம் 40 வாட்-மணி. கருவி முழுவதும் சேர்ந்து 20 வாட் இழுத்தால் 2 மணி நேரம், 10 வாட் இழுத்தால் 4 மணி நேரம். இரு பரிமாண விளையாட்டுகளுக்கும் பழைய விளையாட்டுகளுக்கும் சிப்பின் மின்சார உச்சவரம்பை 6 அல்லது 7 வாட்டாக இறக்கிப் பாருங்கள். பிரேம்கள் விழவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாத ஒரு குறை இருந்தால், அதை நிறுவனத்துக்கு எழுதுங்கள். நகரத்தில் மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் எழுதினால், அதை வைத்து ஒரு நிரலாளரால் எதுவும் செய்ய முடியாது. எந்த இடம், எந்த அமைப்புகள், எந்தப் பதிப்பு, ஜிபியு எவ்வளவு என்று எண்களோடு எழுதினால், அவர் தன் மேசையில் அதே நிலையை மறுபடி உருவாக்கிப் பார்க்க முடியும். நான் அனுப்பும் குறிப்பு இந்த அளவில்தான் இருக்கும்: "ஸ்டீம் டெக் ஓஎல்இடி, புரோட்டானின் நிலையான பதிப்பு, எல்லா அமைப்புகளும் லோ, 1280×800. வடக்கு வாயிலிலிருந்து சந்தைக்குள் நுழையும்போது 41 பிரேமிலிருந்து 24-க்கு விழுகிறது. அப்போது ஜிபியு 62 விழுக்காடு. கூட்டத்தின் அடர்த்தியைக் குறைக்கத் தெரிவு இல்லை. அந்த ஒரு தெரிவைச் சேர்க்க முடியுமா?"