பனிக்கரடிக்குப் பயந்து துப்பாக்கி எடுக்கிறீர்களா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் லாங்யர்பைன் என்று ஒரு சிற்றூர். ஊர் முடிகிற இடத்தில் முக்கோணப் பலகை ஒன்று நிற்கும். கறுப்பில் வெள்ளைக் கரடி, அதன் கீழே 'ஸ்வால்பார்டு முழுமைக்கும் பொருந்தும்' என்று நார்வே மொழியில் ஒரு வரி. ஊரைத் தாண்டுகிறவர் கரடியை மிரட்டி விரட்டத் தகுந்த கருவி வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். துப்பாக்கியும் இருக்கட்டும் என்பது ஆளுநர் அலுவலகத்தின் பரிந்துரை. தப்புகள் தொடங்குவது இங்கேதான்.

பலரும் முதலில் செய்வது அளவில் மயங்குவது. ஆண் பனிக்கரடி சாதாரணமாக 400 கிலோவைத் தாண்டும். ஆகவே துப்பாக்கியும் யானைத் துப்பாக்கியாக இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். அங்கே குறைந்தபட்சமாகச் சொல்லப்படுவது .308 அல்லது .30-06 ரைஃபிள்தான். இந்த எண்கள் தோட்டாவின் அளவைக் குறிப்பவை. அதைவிடப் பெரிதாக .375 எடுத்தவர் பயிற்சித் திடலில் இரண்டு தடவை சுட்டதுமே தோள் கன்றிப்போய், மூன்றாவது தடவை விசையை அழுத்துமுன்பே கண்ணை மூடிக்கொள்வார். பனிக்கரடி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. கடைசி 50 மீட்டரை ஐந்து விநாடிக்குள் கடந்துவிடும். அந்த ஐந்து விநாடியில் கண்ணை மூடாமல் இரண்டாவது குண்டையும் சுட முடிகிற துப்பாக்கி எதுவோ, அதுதான் உங்களுக்குப் பெரிய துப்பாக்கி.

தோட்டாவையும் பாருங்கள். ராணுவப் பாணியில் முழுக்க உலோக உறை போட்ட குண்டு மலிவு. ஆனால் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். முனை மென்மையான, கனமான குண்டுதான் வேண்டும். .30-06 என்றால் 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம். ரைஃபிளுக்குப் பதில் அகன்ற குழல் கொண்ட 12 போர் ஷாட்கன் எடுத்தால் சிதறும் ரவைகள் வேண்டாம். ஒற்றை ஈயக்குண்டு போடுங்கள்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். அங்கே வாடகைக்குக் கிடைத்த ரைஃபிள்களில் பல பழைய மவுசர் 98. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மன் படை நார்வேயில் விட்டுப்போனவற்றை .30-06 தோட்டாவுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். அருமையான துப்பாக்கி, குறை சொல்ல முடியாது. ஆனால் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் கையால் நகர்த்தும் உருளை) பின்முனையில் இருக்கும் அந்தச் சிறிய சேஃப்டி நெம்புகோலுக்கு மூன்று நிலைகள். இடப்பக்கம் சாய்த்தால் சுடும். வலப்பக்கம் சாய்த்தால் எல்லாமே பூட்டிக்கொள்ளும். நட்டுக்குத்தாக நிறுத்தினால் போல்ட் தாராளமாகத் திறந்து மூடும், சுட மட்டும் சுடாது. ஆபத்தில்லாமல் தோட்டாக்களை வெளியே எடுக்கச் செய்த வசதி அது. பதற்றத்தில் அதுவே பொறி. விசையை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. தோட்டாதான் சொத்தை என்று நினைத்துப் போல்ட்டை இழுக்கிறீர்கள். நல்ல தோட்டா பனியில் போய் விழுகிறது.

2011 ஆகஸ்டில் வான் போஸ்ட் பனியாற்றின் அருகே பிரிட்டிஷ் மாணவர் முகாமில் கரடி புகுந்தபோது, மவுசர் வெடிக்கவில்லை. தோட்டாக்கள் சுடப்படாமலே தரையில் விழுந்தன. சேஃப்டி நடுவில் நின்றால் நடப்பது அச்சு அசலாக இதுதான். 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தார்கள். முகாமைச் சுற்றிக் கட்டியிருந்த, தட்டினால் வெடித்துச் சத்தம் எழுப்பும் எச்சரிக்கைக் கம்பியும் வெடிக்கவில்லை. இரவுக் காவலுக்கும் ஆள் போடவில்லை.

ஆகவே வாடகைக் கடையிலேயே, தடிமனான கையுறையைப் போட்டுக்கொண்டு, போலித் தோட்டாக்களை வைத்து இருபது தடவையாவது ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வழியில் போகும்போது தோட்டாக்கள் மேகஸினில், அதாவது துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியில் இருக்கட்டும், சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் குழலறை காலியாக இருக்கட்டும். அங்குள்ளவர்கள் இதைப் 'பாதி நிரப்பியது' என்பார்கள். துப்பாக்கியைப் பயணமூட்டைக்கு அடியில் கட்டி வைக்காதீர்கள்.

குளிரையும் மறக்கக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் போடுவதுபோல அங்கே போட்டால், உறைகுளிரில் அது பிசினாகிப் போல்ட்டை இழுக்கவிடாது. நன்றாகத் துடைத்து, உலர்வாக வைப்பதே மேல். வெளியிலிருந்து நேராகச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். திரும்ப வெளியே போனதும் அந்த வியர்வை பனிக்கட்டியாகும். குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் பனி உள்ளே போகாது. சுடும்போது அதைப் பிரிக்கவேண்டாம், காற்றழுத்தமே பிய்த்துவிடும்.

அப்புறம், துப்பாக்கி மட்டும் போதும் என்ற நினைப்பு. 2012ல் வெளியான அலாஸ்கா ஆய்வு ஒன்று 269 கரடி மோதல்களை அலசியது. நீளத் துப்பாக்கி 76 சதவீதம், கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலன் தந்தது. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் பாதிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அவை பெரும்பாலும் பழுப்புக் கரடிகள்தான், இருந்தாலும் யோசிக்க வைக்கிறது. ஸ்வால்பார்டில் சிக்னல் பிஸ்டலைத்தான் முதலில் எடுக்கவேண்டும். வெளிச்சக் குண்டு உங்களுக்கும் கரடிக்கும் நடுவில் விழவேண்டும். கரடியைத் தாண்டி விழுந்தால் அது மிரண்டு உங்கள் பக்கமே ஓடிவரும்.

பனிக்கரடி அங்கே 1973 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிரைக் காக்கச் சுட்டாலும் ஆளுநருக்கு உடனே சொல்லவேண்டும், விசாரணை நடக்கும். 2025 தொடக்கத்திலிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்பதும் சட்டம். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். அதற்குள் கரடி கண்ணில் பட்டால் நீங்கள்தான் விலகிப் போகவேண்டும்.

திரும்பி ஊருக்குள் நுழையுமுன் தோட்டாக்களை முழுக்க எடுத்துவிடுங்கள். கடை வாசல்களில் துப்பாக்கிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை இருக்கும். ரொட்டி வாங்கப் போகும்போது ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடாது.