மலைக்கு வருகிறவர்கள் ஊரைத் தேர்வதில் செய்யும் தவறுகள்

நீண்ட விடுமுறை வந்தால் போதும், எங்கள் ஹப்புத்தளை பஸ் நிலையம் முழுக்கப் பெரிய பை தூக்கிய பிள்ளைகள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் பட்ட பாட்டையே திரும்பவும் படுகிறார்கள். குளிருக்கு உடுப்பு எடு, தண்ணீர் எடு என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும். எந்த ஊரில் இறங்கித் தங்குவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பேர்போன ஊரில் ரூம் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். காசும் போய், பார்க்க வந்ததும் கிடைக்காது.

எல்ல நல்ல ஊர்தான். எல்ல ரொக், ஒன்பது வளைவுப் பாலம் என்று அங்கேயே இரண்டு நாள் நடக்கலாம். ஆனால் ஹோட்டன் சமவெளிக்குப் போக எதற்கு எல்லயில் தங்க வேண்டும்? வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும். ரோட்டில் இறங்கினால் வளைவுக்கு மேல் வளைவு, இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். ஹோட்டன் சமவெளிப் பூங்காவின் வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. அதற்குள் இருக்கும் உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிவது அதிகாலையில்தான், ஒன்பது பத்து மணியானால் பெரும்பாலும் கீழேயிருந்து மூடுபனி ஏறிவிடும். டிக்கெட் வரிசை, பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவைக்கும் சோதனை, அப்புறம் நாலு கிலோமீட்டர் அளவில் நடை. இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

மட்டக்களப்புப் பிள்ளைகள் சிலர் வேனுக்குப் பெரிய தொகை கொடுத்து எல்லயிலிருந்து விடியும்போது கிளம்பி, உலக முடிவில் போய் நின்றபோது பத்து மணி தாண்டிவிட்டது. காலடியில் 800 மீற்றருக்கு மேல் பள்ளம், எதிரே வெள்ளைச் சீலையைக் கட்டிவிட்டதுபோல மூடுபனி. "ஒன்றுமே தெரியல்ல அண்ணா" என்று அதில் ஒரு தங்கச்சி அன்று மாலை பிளேன்டிக் கடையில் சொன்னபோது, முதல் நாளே இங்கே இறங்கியிருக்கலாமே என்று எனக்குக் கோபமே வந்தது. ஹப்புத்தளையிலிருந்து போரலந்தை, ஒஹிய வழியாகப் போனால் பாதி அலைச்சல் மிச்சம். இன்னும் கிட்ட வேண்டுமா, ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ தங்குங்கள். கால் பலமுள்ளவர்கள் ஒஹிய ஸ்டேசனிலிருந்து நடந்தே ஏறுகிறார்கள், சுமார் 11 கிலோமீட்டர்.

சிவனொளிபாதமலைக்கும் இதே கதைதான். ஹட்டனில் ரூம் போட்டுவிட்டு நடுச்சாமத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் குலுங்கிப் போய், தூக்கமில்லாமல் 5,000க்கு மேற்பட்ட படிகளில் கால் வைக்கிறார்கள். படி தொடங்குவது நல்லதண்ணியில். அங்கே போய்ப் படுங்கள்.

சீசன் இல்லாத நாளில் சீசனை எதிர்பார்ப்பது

சிவனொளிபாதமலையில் டிசம்பர் போயா, அதாவது பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும்தான் வழிநெடுக விளக்கும் கடையும். மற்ற மாதங்களில் இருட்டு, மழை, காற்று. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பஸ்ஸும் குறைவு, அதனால் மஸ்கெலியாவிலேயே சாப்பாட்டையும் டோர்ச் பற்றரியையும் வாங்கிவிடுங்கள். தனியாக ஏறவே வேண்டாம்.

மலைநாடு முழுக்க ஒரே மழை என்று நினைப்பது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தைப் போட்டு நனைக்கும். அதே நாட்களில் மலைக்கு இந்தப் பக்கம், பதுளை, பண்டாரவளை, எல்ல எல்லாம் பெரும்பாலும் வெயில். வருடக் கடைசியில் எங்களுக்கு நல்ல மழை, மண்சரிவு பயமும் அப்போதுதான். மாதத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டை

அட்டை ஏறிக் கடிக்காமல் இருக்க, காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடங்கள்.

தோட்டத்தைச் சுற்றுலா இடமாக மட்டும் பார்ப்பது

லிப்டன் சீட் என்ற மலைக் காட்சியிடத்துக்குத் தம்பத்தென்ன தேயிலைத் தோட்டம் வழியாகத்தான் ஏறுவீர்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காலை பஸ்ஸில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் ஏறுவார்கள், உங்கள் பைக்கு ஒரு சீட்டைப் பிடித்து வைக்காதீர்கள்.