தட்டருகே போனால் உறுமும் நாய்: என் அனுபவம்

எங்கள் நாய் சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமும். உடம்பு அப்படியே விறைத்துப்போகும், தலை தட்டை விட்டு நகராது, கண்ணின் வெள்ளை மட்டும் ஓரமாகத் தெரியும். "ஒரு அடி போட்டால் அடங்கிடும்" என்றார்கள் வீட்டில். நான் சம்மதிக்கவில்லை. உறுமல் என்பது அது தரும் எச்சரிக்கை; அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை சத்தமே இல்லாமல் கடித்துவிடலாம்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். பல்வலி, காதுவலி இருந்தாலும் நாய் இப்படிச் சிடுசிடுக்கும். ஒன்றுமில்லை என்றார். அப்புறம், அது விறைக்காத தூரத்தில் நின்று, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவேன். தட்டைத் தொடுவதே இல்லை. அதன் உடம்பு நன்றாகத் தளர்ந்த பிறகுதான் அடுத்த நாள் இன்னும் ஓர் அடி நெருங்குவேன். விறைத்தால் பழைய தூரத்துக்கே போய்விடுவேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்!

இப்போது என் காலடிச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கி என் கையைப் பார்க்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் இதில் இடமில்லை. அது சாப்பிடும் நேரத்தில் அறைக்கதவு சாத்தியே இருக்கும்.