கேசிஃபையரில் கிளிங்கர் பிடிப்பதைத் தடுக்கும் முறை

சீமைக்கருவேல விறகையும் கொட்டாங்குச்சியையும் கொண்டு ஓடும் டவுன்டிராஃப்ட் கேசிஃபையரில் (விறகைக் குறைந்த காற்றில் எரித்து எஞ்சினுக்கு வாயு தயாரிக்கும், வாயு மேலிருந்து கீழிறங்கும் உலையில்), நேற்றுவரை சீராக வந்த வாயு இன்று குறைந்து, கிரேட்டை (சாம்பல் உதிரும் அடித்தட்டியை) ஆட்டும் கைப்பிடியும் பாதியில் சிக்கிக்கொண்டால், உள்ளே சாம்பல் உருகிக் கிளிங்கர், அதாவது கண்ணாடிபோல் இறுகிய கட்டி, பிடித்திருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும். கட்டியை உடைத்தெடுத்துவிட்டு மறுநாளே பற்றவைப்பவர்கள் பலர். ஆனால் சாம்பல் எதனால் உருகியது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், அதே கட்டி அதே இடத்தில் மறுபடியும் வளரும். காரணத்தை உலையில் தேடுவதற்கு முன், விறகு கொட்டியிருக்கும் களத்தில் தேடுங்கள்.

மரச் சாம்பலில் பெரும்பங்கு கால்சியம். அதோடு பொட்டாசியமும் உண்டு. மண் ஒட்டாத கட்டைகளின் சாம்பல் எளிதில் உருகாது. வெள்ளைப் பொடியாகக் கிரேட்டின் வழியே உதிர்ந்துவிடும். மணலில் உள்ள சிலிக்காவும் தனியாக இருந்தால் ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. ஆனால் சிலிக்காவும் பொட்டாசியமும் சேர்ந்துவிட்டால் அந்தக் கலவை 800 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கலாம். மணலோடு கார உப்பைச் சேர்த்துக் கண்ணாடி காய்ச்சுவதும் இதே வேதியியல்தான். காற்று நுழையும் நாசில்களின் எதிரே வெப்பம் 1,000 டிகிரியை எளிதில் தாண்டுவதால், அங்கே உருகிய துளிகள் கரித்துண்டுகளைத் தம்முள் பிணைத்துக்கொண்டு கீழே இறங்கி, வெப்பம் குறைந்த தொண்டைப் பகுதியிலும் (நாசில்களுக்குக் கீழே உலை குறுகும் இடம்) கிரேட்டிலும் உறைகின்றன. அப்படி ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால், பச்சையும் கறுப்புமான பளபளப்புக்கு நடுவே எரியாத கரித்துண்டு அப்படியே புதைந்திருப்பதைக் காணலாம்.

இந்த மணல் பெரும்பாலும் மரத்துக்குள் இருந்து வருவதில்லை. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கும்போது, வேர்க்கட்டைகளின் இடுக்குகளில் மண் அப்பிக்கொண்டு வருகிறது. தரையில் போட்டு வெட்டிய சில்லுகளை மண்வெட்டியால் அள்ளும்போது இன்னும் கொஞ்சம் சேர்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 50 கிலோ விறகு செல்லும் உலையில் சாம்பல் 1 விழுக்காடு என்றால், 10 மணி நேரத்தில் 5 கிலோ சாம்பல் வெளியேற வேண்டும், மண்ணால் அது 4 விழுக்காடானால் 20 கிலோ, அதில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே வேர்க்கட்டைகளைத் தவிர்ப்பதும், வெட்டிய துண்டுகளைச் சிமென்ட் தளத்தில் காயவைத்துச் சல்லடையில் சலித்தபின் ஹாப்பரில் (உலைக்கு விறகு கொட்டும் தொட்டியில்) போடுவதும், மற்ற எல்லா வைத்தியத்தையும்விடப் பலன் தருபவை. புதிதாக ஒரு சுமை வந்தால், நன்கு காய்ந்த 100 கிராம் மாதிரியைத் தட்டில் வைத்துக் கரி முழுவதும் வெளுக்கும்வரை எரித்து, மிஞ்சும் சாம்பலை எடைபோடுங்கள். 2 கிராமுக்கு மேல் நின்றாலோ, விரல்களுக்கிடையே நறநறவென்று உறுத்தினாலோ, அந்தச் சுமையில் மண் இருக்கிறது என்று கொள்ளலாம்.

எரிபொருள் சுத்தமாக இருந்தும் கிளிங்கர் பிடித்தால், வெப்பம் எங்கோ அளவு மீறுகிறது என்று பொருள். ஒரு நாசில் அடைத்துக்கொண்டால் மற்றவற்றில் காற்று வேகமெடுத்து, அவற்றின் எதிரே வெப்பம் ஏறும். ஆகவே நாசில்களை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அதைவிட மறைவான காரணம், சாம்பல் கதவின் இடுக்கை அடைக்கும் பட்டையான கேஸ்கெட் தேய்ந்து காற்று கசிவது. அந்தக் காற்று கிரேட்டின்மேல் உள்ள கரியை எரித்து, சாம்பல் குளிர்ந்து விழ வேண்டிய இடத்தையே உருக்கும் இடமாக்கிவிடுகிறது. உலையைக் காலிசெய்து முற்றிலும் குளிர்ந்தபின், வாயுவை இழுக்கும் புளோயரை மட்டும் ஓடவிட்டு, ஊதுவத்தியைக் கதவோரமாகக் கொண்டுசெல்லுங்கள். புகை உள்ளே இழுபடும் இடமே கசிவு. வெப்பத்தைத் தணிக்க ஈர விறகைப் போடுவது தவறான வழி: தார் பெருகி எஞ்சினைக் கெடுக்கும்.

உலையின் நுழைவுக்கும் வாயு வெளியேறும் இடத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் காட்டும் யு வடிவக் குழாய் மானோமீட்டர் ஒன்றைப் பொருத்தி, சுத்தமான உலையில் முழுச்சுமையின்போது காட்டும் அளவைச் சுவரிலேயே எழுதிவைப்பது நல்லது. அளவு ஏறி, கிரேட்டை ஆட்டியதும் பழைய நிலைக்கு இறங்கினால், அது வெறும் சாம்பலும் கரித்தூளும்தான். ஆட்டியும் இறங்காவிட்டால் கட்டி உருவாகத் தொடங்கிவிட்டது. அன்றே நிறுத்திவிடுவது, ஒரு வாரம் கழித்து உளியோடு போராடுவதைவிட மேல்.

உமியின் கதை வேறு. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. விறகுக்கென்று குறுகிய தொண்டையோடு கட்டிய உலையில் அதைப் போடவே கூடாது. தொண்டையில்லாத, சாம்பலை இடைவிடாமல் வெளியேற்றும் உலைதான் அதற்கு ஏற்றது. கடலைத்தோல் மண்ணிலிருந்தே வருவதால், அதை முதலில் சலித்து, விறகோடு குறைந்த பங்கில் கலந்து சோதித்த பிறகே கூட்ட வேண்டும். வைக்கோல் மழையில் நனைந்தால் பொட்டாசியம் கரைந்து போகிறது; அதை மறுபடியும் காயவைத்துப் பயன்படுத்தினால் உருகும் தொல்லை குறையும். பிரிக்கெட் (தூளை அழுத்திச் செய்யும் எரிகட்டி) செய்பவர்கள் கயோலின் களிமண்ணைச் சிறிதளவு சேர்த்தால், அது பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு உருகுநிலையை உயர்த்தும். உலையில் மேலிருந்து பொடியாகத் தூவினால் அது சாம்பலோடு சேராமல் வீணாக இறங்கிவிடும்.

பிடித்துவிட்ட கட்டியை எடுக்க, உலையை எல்லாப் பக்கமும் அடைத்து, குறைந்தது ஓர் இரவு ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், தணலில் பட்ட நீராவி ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கி வெடிக்கக்கூடும். உள்பூச்சும் விரிசல் விடும். திறந்ததும் தலையை உள்ளே நீட்டாதீர்கள், ஏனெனில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. காற்றோட்டம் வந்து, அந்த வாயுவை மீட்டரில் அளந்து பார்த்தபின், துணைக்கு ஒருவரை வெளியே நிறுத்திக்கொண்டு, கரியை அள்ளிவிட்டு, கட்டியை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சிறு உளியால் பெயர்த்தெடுங்கள். சுவரோடு ஒட்டியதை நெம்பினால் உள்பூச்சும் சேர்ந்து வரும். மெல்லிய படலமாக ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடலாம். பெயர்த்த கட்டி நாசிலின் அருகில் இருந்ததா, கிரேட்டின்மேல் இருந்ததா என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, நாசிலையோ கதவையோ சரிசெய்த பிறகே புதுக் கரியை நிரப்பிப் பற்றவையுங்கள்.