உள்ளங்கை அளவு ரவுட்டரில் வீட்டுக்கு ஒரு விபிஎன் வாசல்

போன பொங்கலுக்குத் தஞ்சாவூர் போயிருந்தபோது, கரந்தை வீட்டுக் கேமராவின் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் லாக் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே நுழையப் பார்த்துத் தோற்ற முயற்சிகளின் பட்டியல் முடிவில்லாமல் ஓடியது. அட்மின், அட்மின், ரூட், அட்மின் என்று நிமிடத்துக்கு இரண்டு மூன்று வரிகள். கேமரா மாட்ட வந்தவர், நான் கோவையிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக, ஃபைபர் மோடத்தில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு பெட்டிக்கு நேரே அனுப்பும் வழி) போட்டு டிவிஆரை நேரே இணையத்தில் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். பாஸ்வேர்டு ஆறு எண்கள், ஆறும் ஒன்றே. அந்தக் கேமராவில் தெரிவது எங்கள் வாசலும், அம்மா உட்கார்ந்து பூக்கட்டும் திண்ணையும். அன்றைக்கு ராத்திரியே அந்த போர்ட்டை அடைத்தேன்.

அடைத்துவிட்டால் போதாது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கேமரா எனக்கு வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் எதையும் வெளியே திறக்காமல், சின்ன ரவுட்டர் ஒன்றை விபிஎன் வாசலாக, அதாவது சாவி உள்ளவர் மட்டும் வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் ரகசியச் சுரங்கத்தின் வாயிலாக, வைப்பதுதான் சரியான வழி. இதற்கு நான் பயன்படுத்தும் விபிஎன் வயர்கார்டு. செய்து ஒரு வருடமாக ஓடுகிறது. எப்படிச் செய்தேன், எங்கே இடறினேன் என்பதைச் சொல்கிறேன்.

நான் வாங்கியது லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் செய்யும் ஹெக்ஸ், ஆர்பி750ஜிஆர்3 என்ற மாடல். ஐந்து ஜிகாபிட் போர்ட், 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர், 256 எம்பி ராம். நீளம் 113 மில்லிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கும். வைஃபை கிடையாது, அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. வைஃபை பெட்டியை வேண்டியபோது மாற்றலாம். வாசல் பெட்டி அலமாரிக்குள் யார் கையும் படாமல் இருக்கட்டும். இதற்குப் பிறகு வந்த ஹெக்ஸில் வேறு சிப், கூடுதல் ராம். அது கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேலை முறை ஒன்றுதான்.

பெட்டி வாங்குமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு எண் இருக்கும், இணையப் பக்கத்து முகவரி. 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் நல்லது. மோடத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணோ, 10 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால், பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவை யாராலும் தட்ட முடியாது, உங்களாலும்தான். இணைப்பு தருபவரிடம் மாறாத தனி ஐபி, அதாவது ஸ்டேடிக் ஐபி, கேளுங்கள். நான் மாதத்துக்குக் கொஞ்சம் கூடக் கட்டி வாங்கினேன். கிடைக்காவிட்டால், வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சர்வர்) வாடகைக்கு எடுத்து, ஹெக்ஸ் தானாக அதைக் கூப்பிட்டு இணைந்திருக்கும்படி வைக்கலாம். அப்போது இணைப்பு அறாமல் அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்கும் கீப்அலைவை 25 நொடி என்று வைத்தே ஆக வேண்டும்.

அடுத்து, வீட்டுக்குள் எந்த ஐபி வரிசை என்பது. தயவுசெய்து 192.168.1, 192.168.0 இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலில் நான் பழைய வரிசையையே வைத்திருந்தேன். திருச்சியில் சித்தி வீட்டு வைஃபையிலிருந்து விபிஎன் போட்டேன். இணைந்தது, ஆனால் டிவிஆர் திறக்கவில்லை. சித்தி வீட்டிலும் 192.168.1 தான். கரந்தைக்குப் போக வேண்டிய பாக்கெட் சித்தி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது கரந்தை வீடு 192.168.73, விபிஎன்னுக்கு 10.73.0. யாரும் வைக்காத எண்ணாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மோடத்தை, இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி, இணைப்புக்கு லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஹெக்ஸில் போட்டுவிட்டால் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஹெக்ஸின் குவிக் செட் பக்கத்தில் பிபிபிஓஇ என்று தேர்ந்தால் போதும், வான் பட்டியலில் அதுவே சேர்ந்துவிடும். இணைப்பு தருபவர்களில் சிலர் மோடத்தின் மேக் முகவரியோடு (பெட்டிக்கே உரிய அடையாள எண்) கணக்கைக் கட்டிவைத்திருப்பார்கள்; இணையவில்லை என்றால் மேக் பைண்டிங்கை எடுக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜ் மறுத்தால், மோடத்தில் வயர்கார்டுக்கான யுடிபி 51820 போர்ட் ஒன்றை மட்டும் ஹெக்ஸுக்கு ஃபார்வர்டு செய்யலாம். அப்போது டிவிஆர் முதலானவற்றின் வயர் மோடத்தில் இல்லாமல் ஹெக்ஸில் இருக்க வேண்டும். பழைய வைஃபை ரவுட்டரில் ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபியை அணைத்து, அதன் வான் ஓட்டையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்து லேன் ஓட்டையில் வயரைச் செருகினால், அது வெறும் வைஃபை பெட்டியாகிவிடும்.

ஹெக்ஸின் முதல் முகவரி 192.168.88.1. கணினியில் மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் நிரலை வைத்து உள்ளே போங்கள். புதுப் பெட்டிகளில் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் இருக்கும். பழையவற்றில் இருக்காது, உடனே வைத்துவிடுங்கள். ஹெக்ஸின் இயங்குதளம் ரவுட்டர்ஓஎஸ் 6 ஆக இருந்தால் அதில் வயர்கார்டு கிடையாது. அப்டேட் பக்கத்தில் சேனலை அப்கிரேடு என்று மாற்றி 7க்கு ஏற்றுங்கள். அப்புறம் ரவுட்டர்போர்டு பக்கத்தில் இன்னொரு அப்கிரேடு பொத்தான் இருக்கும், அதையும் அழுத்தி மறுபடி ரீபூட். சர்வீஸ் பட்டியலில் டெல்நெட், எஃப்டிபி, வெப், ஏபிஐ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வின்பாக்ஸை மட்டும், அதுவும் வீட்டு வரிசைக்கும் விபிஎன் வரிசைக்கும் மட்டும், விட்டேன். 2018இல் வின்பாக்ஸில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு ஏப்ரலிலேயே அடைக்கப்பட்டது. அப்டேட் போடாத பெட்டிகள்தான் அதற்குப் பிறகும் வெகுநாள் அடிபட்டன. அதனால் மாதம் ஒருமுறை அப்டேட் பார்ப்பதை நான் விடுவதில்லை.

இப்போது வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. எனக்கு இதில் பிடித்த குணம் ஒன்று உண்டு: சாவி தெரியாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. 'யார் அது' என்றுகூடக் கேட்காது. டிவிஆர் லாகில் இரவெல்லாம் தட்டியவர்களுக்கு இந்த வாசல் வெறும் சுவர்தான். ஹெக்ஸில் இது முழுக்க சிபியு உழைப்பில் ஓடும். ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறைக்கு இருக்கும் ஹார்டுவேர் உதவி இதற்கு இல்லை. ஆனாலும் எங்கள் 100 மெகாபிட் இணைப்புக்கு அது திணறவில்லை.

வயர்கார்டு மெனுவில் பிளஸ் அழுத்தி, பெயர் ஒன்று கொடுத்து, லிசன் போர்ட் 51820 என்று வைத்தால் சாவி ஜோடி தானாக உருவாகும். ஐபி அட்ரஸ் பக்கத்தில் அந்த இன்டர்ஃபேஸுக்கு 10.73.0.1/24 கொடுங்கள். ஃபோனில் வயர்கார்டு செயலியைப் போட்டு, புது டனல் உருவாக்கி, சாவியை ஃபோனிலேயே பிறக்க வையுங்கள். பப்ளிக் சாவி 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி. அதை வாட்ஸாப்பில் அனுப்பினாலும் ஆபத்தில்லை. பிரைவேட் சாவி மட்டும் ஃபோனை விட்டு வெளியே வரக்கூடாது. கையால் தட்டாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள். ஹெக்ஸில் பியர் (மறுமுனை) பக்கத்தில் அந்தச் சாவியை ஒட்டி, அலவ்டு அட்ரஸ் 10.73.0.2/32. ஃபோன் பக்கமும் முகவரி அதுவே; அங்கே பியரில் ஹெக்ஸின் பப்ளிக் சாவி.

ஆளுக்கு ஒரு சாவி, ஃபோனுக்கு ஒரு சாவி. சோம்பல் பட்டு என்னுடைய அதே டனலை அப்பா ஃபோனிலும் ஏற்றினேன். "என்ன பாப்பா, கேமரா வருது, போகுது?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் எனக்கும் அறுந்துகொண்டிருந்தது. ஒரே சாவியில் இருவர் பேசினால், கடைசியாகப் பேசியவர் இருக்கும் இடத்துக்கே ஹெக்ஸ் பதில் அனுப்பும். இருவரும் மாறிமாறிப் பிடுங்கிக்கொள்வோம்.

ஃபயர்வாலில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஹெக்ஸுக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் செயினில் யுடிபி 51820ஐ அனுமதிக்கும் விதி ஒன்று எழுத வேண்டும். எழுதி ஓகே கொடுத்ததும் அது பட்டியலின் கடைசியில் போய் உட்காரும். ஆனால் மைக்ரோடிக் தொழிற்சாலையிலேயே போட்டுத் தரும் விதிகளில், 'லேனிலிருந்து வராத எதையும் தள்ளிவிடு' என்று ஒன்று அதற்கு மேலேயே நிற்கும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். உங்கள் அனுமதி வரை பாக்கெட் வராது. புது விதியை மவுஸால் பிடித்து அந்தத் தள்ளும் விதிக்கு மேலே இழுத்து வையுங்கள். விதிக்குப் பக்கத்தில் பாக்கெட் எண்ணிக்கை இருக்கும். ஃபோனில் விபிஎன் போட்டதும் அது 0விலிருந்து ஏறினால் வழி திறந்துவிட்டது. இன்னொன்று, இன்டர்ஃபேஸ் லிஸ்ட் பக்கத்தில் வயர்கார்டை லேன் பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் ஹெக்ஸிடமே டிஎன்எஸ் (ஒரு பெயருக்கு உரிய ஐபி) கேட்க முடியாது.

ஃபோனில் எண்ட்பாயிண்ட் என்ற இடத்தில் வீட்டு ஐபி. ஸ்டேடிக் இல்லை, ஆனால் பொது ஐபி என்றால், ஹெக்ஸின் ஐபி கிளவுட் பக்கத்தில் டிக் போட்டால் இலவசமாக ஒரு பெயர் கிடைக்கும், அதைப் போடுங்கள். கரண்ட் போய் வந்து ஐபி மாறியிருந்தால், ஃபோனில் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பெயரை அது தொடங்கும்போது மட்டும்தான் தேடிப் பார்க்கிறது. அலவ்டு ஐபியில் 192.168.73.0/24, 10.73.0.0/24 இரண்டும் போட்டால் வீட்டுப் போக்குவரத்து மட்டும் சுரங்கம் வழியே போகும். ரயில் நிலைய வைஃபையில் எல்லாமே வீட்டு வழியாகப் போக வேண்டும் என்றால் 0.0.0.0/0, கூடவே ::/0வும். இரண்டாவதை விட்டால், ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) கிடைக்கும் இடங்களில் அந்தப் போக்குவரத்து சத்தமில்லாமல் வெளியே போய்விடலாம். சில வங்கிச் செயலிகள் விபிஎன் ஓடினால் திறக்காது. ஆண்ட்ராய்டு வயர்கார்டில் அவற்றை மட்டும் விலக்கிவைக்க வசதி இருக்கிறது.

எல்லாம் முடிந்தும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஹேண்ட்ஷேக் (இரு முனையும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) ஆகிறது, ஹெக்ஸ் திறக்கிறது, டிவிஆர் மட்டும் இல்லை. வீட்டு வைஃபையிலிருந்து அப்பாவுக்கு அதே டிவிஆர் நன்றாகத் திறக்கிறது. கடைசியில் டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தை அப்பாவைப் படிக்கச் சொன்னேன். ஐபியை மாற்றியிருக்கிறோம், அடியில் கேட்வே (வெளியே போகும் வழி) என்ற இடத்தில் இன்னும் 192.168.1.1 இருக்கிறது. என் கேள்வி டிவிஆருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதிலை எந்த வழியே அனுப்புவது என்று அதற்குத் தெரியவில்லை. கேட்வேயை ஹெக்ஸின் புது முகவரியான 192.168.73.1 ஆக்கியதும் திண்ணை திரையில் வந்தது. அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஹேண்ட்ஷேக்கே ஆகவில்லை என்றால் ஃபயர்வாலையும் சிஜிநாட்டையும் பாருங்கள். ஆகியும் ஒரு பொருள் மட்டும் திறக்காவிட்டால் அந்தப் பொருளின் கேட்வேயைப் பாருங்கள்.

ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை எதையும் ஏற்கும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் மோடத்தையும் அதையும் சேர்த்து மாட்டியிருக்கிறேன். இதற்குள் பேட்டரிக் கடிகாரம் இல்லை, அதனால் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி கிளையண்டைப் போட்டுவையுங்கள். விபிஎஸ்ஸைக் கூப்பிடும் முறையில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம்: மின்வெட்டுக்குப் பின் நேரம் பின்னுக்குப் போயிருந்தால், பழைய பேச்சு என்று மறுமுனை ஹேண்ட்ஷேக்கைத் தள்ளிவிடும்.

ஆடி மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் அப்பா ஃபோனைத் தொலைத்துவிட்டார். பக்கத்துக் கடை ஃபோனிலிருந்து கூப்பிட்டார், குரல் நடுங்கியது. பேசிக்கொண்டே கோவையிலிருந்து விபிஎன் வழியே வின்பாக்ஸைத் திறந்தேன். பியர் பட்டியலில் 'அப்பா' என்ற வரியில் சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தினேன், வரி சாம்பல் நிறமானது. "கேமராவை யாரும் பார்க்க முடியாதுப்பா, நீங்க முதல்ல பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க" என்றேன்.