வெளிநாட்டு விருந்தினர் வருமுன் ஊர்ச் சங்கம் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஊர்களுக்குக் கூத்துப் பழகவும், ஆங்கிலம் கற்பிக்கவும், ஆய்வுக்குத் தரவு சேகரிக்கவும் வெளிநாட்டவர் வருவது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின்னரான மாதங்களில், யார் எவர் என்று கேட்பாரின்றி முகாம்களுக்குள் கமெராவோடு நுழைந்தவர்களையும் இக்கரையோரம் கண்டிருக்கிறது. அத்தகைய விருந்தினரை இரண்டு மூன்று வாரங்களுக்கு அழைக்க எண்ணும் கலைக்கழகங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் இக்குறிப்பு எழுதப்படுகிறது. முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது நமது சுபாவத்தைத்தான்: வந்தவருக்குப் பாயை விரித்துத் தேநீரும் கொடுத்துவிட்ட பிறகு, “உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா?” என்று கேட்க நம்மில் எவருக்கும் நா எழாது. ஆகையால் கேட்க வேண்டியவை அனைத்தையும் அவர் விமானம் ஏறுமுன் எழுத்தில் கேட்டு முடித்துவிட வேண்டும்.

வருவோர் ஒவ்வொருவரினதும் பொலிஸ் சான்றிதழ், அவர்களை அனுப்பும் நிறுவனத்தின் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை, முன்னர் அவர்களை வரவேற்ற ஓர் அமைப்பின் தொடர்பு ஆகியவற்றைக் கேளுங்கள். பிரித்தானியாவிலிருந்து பிற நாடுகளில் சிறுவருடன் பணியாற்றச் செல்வோருக்கென்றே சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இத்தகைய சோதனையை மாநிலங்கள் தனித்தனியே நடத்துகின்றன. எனினும் சான்றிதழில் ஒன்றும் இல்லை என்பது, அவர் இதுவரை அகப்படவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வரும் நம்மவர் பிள்ளைகளிடமும் இதே தாள்களைக் கேட்க வேண்டும். “நம்மட மாமாட மகன்தானே” என்று ஒருவரை விட்டுவிட்டால், மற்றவரிடம் கேட்கும் முகம் நமக்கு இராது.

பாடசாலைக்குள் நிகழ்ச்சி நடப்பதாயின் அதிபரின் வாய்ச்சொல்லோடு நில்லாமல் வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதியைப் பெறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். வருவோரின் விசா கற்பிப்பதற்கு இடமளிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே தெளிந்துகொள்ளுங்கள்.

கூத்துப் பழக்கம் இரவில் நடப்பது என்பதால் அதற்குத் தனி ஒழுங்கு தேவை. கூத்தாடும் களரியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அச்சம் குறைவு; கவனம் வேண்டியது உடுப்புக் கட்டும் அறையிலும், பழக்கம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் இருண்ட ஒழுங்கையிலும், தனியே ஆங்கிலம் சொல்லித் தருவதாக வரும் அழைப்பிலுமாகும். ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மூன்றாமவர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருப்பதில்லை என்ற விதியை எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். அது விருந்தினரைப் போலவே கூத்துப் பழக்கும் அண்ணாவியாரையும் சங்கச் செயலாளரையும் கட்டுப்படுத்தும், ஏனெனில் பிள்ளைகளுக்குத் தீங்கு பெரும்பாலும் அவர்கள் நன்கறிந்தவர்களாலேயே நேர்கிறது. எந்தப் பிள்ளையை எத்தனை மணிக்கு யார் அழைத்துச் சென்றார் என்பதற்கு ஒரு கொப்பி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். விருந்தினர் வீடுகளில் தங்குவதாயின் உள்ளே தாழ்ப்பாள் உள்ள தனி அறை இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளை அந்த அறையில் படுக்கக் கூடாது. வட்ஸ்அப் தொடர்பு பெற்றோரின் தொலைபேசியூடாக மட்டுமே நடக்கட்டும். அன்பளிப்புகளைச் சங்கம் பெற்றுப் பகிரட்டும்.

மொழிபெயர்ப்பாளர் விடயத்தில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். ஒரு நிகழ்வில், போரில் கணவரை இழந்த ஒரு பெண் தன் கதையைக் காணொளியில் பதிவுசெய்ய விரும்பவில்லை என்பதைச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றியவாறே நீண்ட நேரம் விளக்கினார். பக்கத்திலிருந்த இளைஞர் அதனை “அவர் கொஞ்சம் வெட்கப்படுகிறார்” என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் சொல்ல, கமெரா ஓடத் தொடங்கியது. அந்த இளைஞரைத் தெரிவுசெய்தவர்களுள் நானும் ஒருவன். அன்றிலிருந்து பெண்களிடம் பேச ஒரு பெண்ணையே, அதிலும் அதே தெருவைச் சேராத ஒருவரையே வைத்துக்கொள்கிறோம். சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசிக்க இயலாதவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, ஒரு நாள் கழித்தே கையெழுத்துக் கேட்கிறோம். இடையில் ஓர் இரவு கழிந்தால் “வேண்டாம்” என்பது எளிதாகிறது. பிள்ளைகளின் படத்தோடு பெயர், ஊர், பாடசாலை எதுவும் வெளிவரலாகாது. சிறுவர் இல்லங்களைப் பார்வையிடும் இடமாக நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை: இரண்டு வாரம் ஒட்டியிருந்துவிட்டுப் போகும் அன்பு, முன்னரே பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பிரிவாகிறது.

ஒரு பிள்ளை முறையிட்டால் அதன் சொற்களை அப்படியே, திகதியும் நேரமும் குறித்து எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பதும், “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்களிப்பதும், கோயில் நிருவாகத்திலோ பள்ளிவாசலிலோ வைத்துப் பேசித் தீர்க்க முயல்வதும் தவறு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்தெனின் பொலிஸ் அவசர இலக்கமான 119. பாலியல் வன்முறை எனின் குளிக்க வைக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்; எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் வெளிநாட்டவராயின் அவர் நாடு திரும்பும் திகதியையும் பொலிசாருக்குச் சொல்லுங்கள்.

நமது இளையோரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இதே கேள்விகள் மறுபுறம் திரும்புகின்றன. தங்கவைக்கும் குடும்பம் சோதிக்கப்பட்டதா, அங்கே தமிழில் பேச யார் இருக்கிறார், பிள்ளை திரும்பிவர விரும்பினால் சீட்டுக்கு யார் பணம் கொடுப்பார் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். கலாசாரப் பரிமாற்றம் என்று சொல்லிக்கொண்டு வீட்டு வேலையோ குழந்தை பராமரிப்போ எதிர்பார்க்கும் கடிதத்தையும், முற்பணம் கேட்கும் முகவரையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடவுச்சீட்டு பயணம் முழுவதும் பயணிப்பவரிடமே இருக்க வேண்டும். அதன் பிரதியொன்றும், அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கமும் வீட்டில் தாயின் கையில் இருக்கட்டும்.